மேல்வீட்டில் யாரோ விழுந்தார்கள்

தொம் என்று ஒரு சத்தம். அதற்குப் பின் ஒன்றுமில்லை. அதற்குப் பின் ஒரு சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், சாப்பிட்ட கை இன்னும் மணத்துக்கொண்டிருக்கும்போது, தபால் தந்திக் குடியிருப்பில் எங்கள் வீட்டு உத்தரம் இப்படித்தான் பேசும். சுண்ணாம்புத் தூள் இரண்டு பொட்டு அப்பாவின் செய்தித்தாளில் விழும். அவர் அதை ஊதிவிட்டு, "விழுந்தா மனுஷன் அழணும், இவ சிரிக்கிறா, கேஸ் முத்திப்போச்சு" என்பார். அம்மா அண்ணாந்து பார்த்து, "ஞாயித்துக்கெழமை ஆனா போதும், இந்தப் பொம்பளைக்கு என்னதான் வருமோ" என்பாள். எனக்கு சத்தமும் சிரிப்பும் பெரிதில்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒன்றுமில்லாததுதான் பெரிது. அதில் நான் மூச்சை நிறுத்திக்கொள்வேன். இந்த முறை சிரிப்பு வராமல் போய்விட்டால்? ஒவ்வொரு ஞாயிறும் வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் வராது என்று பயந்தேன். இப்போது எதற்கு அந்த சத்தம் ஞாபகம் வருகிறது, முதுகின் கீழே மரத்தரை இருப்பதாலா, நானும் உத்தரத்தைப் பார்த்துப் படுத்திருப்பதாலா? மயிலாப்பூரில் ஒரு பழைய மண்டபத்தின் மாடி, நடன விழாவின் கடைசி நாள், காலைப் பட்டறை, ஆட்டத்தையே பிழைப்பாக வைத்திருக்கும் பதினைந்து இருபது பேர் தரையில் மல்லாந்து கிடக்கிறோம். வெளியிலிருந்து யாராவது எட்டிப் பார்த்தால் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். "உங்கட பாரத்தை நிலத்துக்குக் குடுங்கோ" என்கிறார் சுபோதினி. யாழ்ப்பாணத்தில் பிறந்து சூரிச்சில் ஆட்டக் குழு வைத்திருப்பவர், விழுவதைக் கற்றுக்கொடுக்கவென்றே விமானம் ஏறி வந்திருப்பவர், வெறுங்காலோடு எங்கள் தலைமாட்டில் நடக்கிறார். "வச்சிருக்காதேங்கோ. அது உங்கட இல்லை." என்ன குரல் இது, பனங்கற்கண்டைக் கடித்தது போல. என்னுடையது இல்லையாம். சரி, எடுத்துக்கொள் தரையே. தோளைக் கொடுத்தேன், தலையைக் கொடுத்தேன், இடுப்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது, ரேஷன் கடை வரிசையில் இடம் பிடித்த கிழவி மாதிரி அங்கேயே நிற்கிறது. உள்ளே ஒரு மெல்லிய வலி. வலி இல்லை, வலியின் ஞாபகம். மருத்துவர் சொல்லியாயிற்று, எலும்பு சேர்ந்துவிட்டது, இனி எல்லாம் மனசு என்று. மனசுக்கு எங்கே போய் எக்ஸ்ரே எடுப்பது.

கைப்பேசி பையில் கிடக்கிறது, பை சுவரோரம் கிடக்கிறது, அதற்குள் கோயம்புத்தூர் கிடக்கிறது. பெரிய பள்ளிக்கூடம், நடன ஆசிரியை வேலை, குடியிருக்க வீடு, மரங்கள் நிறைய என்று அந்த முதல்வரம்மா சொன்னார். இன்று மதியத்துக்குள் சரியா இல்லையா என்று சொல்லவேண்டும். நேற்று இரவே எனக்குள் பேசி முடித்துவிட்டேன்: இன்று காலை விழ முடிந்தால் இப்போது ஆடும் என் குழுவிலேயே இருப்பது, விழ முடியாவிட்டால் சரி என்று அனுப்பிவிட்டு ஊர் மாறுவது, பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுப்பது, ஆண்டு விழாவில் திரைக்குப் பின்னால் நின்று வாயசைப்பது. அதிலும் ஒன்றும் குறைவில்லை. குறைவில்லை என்று நேற்றிலிருந்து எத்தனை முறை சொல்லிக்கொண்டுவிட்டேன். நாற்பத்து நாலு வயசில் விழத் தெரியாதவள் தற்கால நடனக் குழுவில் எதற்கு, பாடத் தெரியாதவன் பஜனையில் தாளம் தட்டுவது போல. போன வருஷம்வரை நன்றாகத்தான் விழுந்தேன். சகாயத்தின் கையில் விழுவேன், முதுகு காட்டி, கண் மூடி, பழம் காம்பை விடுவது போல. தேவசகாயம், நாகர்கோவில்காரன், என்னோடு எத்தனையோ மேடையில் ஆடியவன். ஒத்திகையில் விளக்கு மாறியது, அவன் கண் கூசியது, ஒரு இமைப்பொழுது பிந்தினான், அவ்வளவுதான். நான் கேட்ட சத்தம் தொம். அதற்குப் பின் ஒன்றுமில்லை. அதற்குப் பின்னும் ஒன்றுமில்லை. "சரி, ஆறுதலா எழும்புங்கோ, சோடி சோடியா நில்லுங்கோ" என்கிறார் சுபோதினி. எழும் சத்தம், முட்டிகள் சொடுக்கும் சத்தம், யாரோ கொட்டாவி. சகாயம் ஏற்கெனவே என் பின்னால் நிற்கிறான், திரும்பாமலே தெரிகிறது, கோடாலித் தைலம் அவனுக்கு முன்னால் நடந்து வரும். "மக்கா, நீ விழு. நான் இருக்கேன்." "நீ இருக்குறதுதாண்டா பிரச்சினை. போன தடவையும் இருந்தே." "அத எத்தன வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவே?" "எலும்பு எனக்குதானே ஒடைஞ்சுது, எனக்குப் போதும்னு தோணுற வரைக்கும் சொல்லுவேன்." அவன் சிரிக்கிறான், பாவம், அந்தச் சிரிப்புக்குக் கீழே வேர்த்திருக்கிறது. நான் கொஞ்சம் பின்னால் சாய்கிறேன், குதிகாலிலிருந்து ஒரு நெல்லளவு, அதற்குள் அவன் இரண்டு கையும் என் அக்குளில். "டேய், நான் இன்னும் விழவே இல்லடா." "விழுந்துட்டேன்னு நெனச்சேன்." மறுபடி. மறுபடியும் அப்படியே. நான் விழ நினைப்பதற்கு முன்பே பிடித்துவிடுகிறான். வாய் திறப்பதற்குள் சோறு ஊட்டும் தாய் மாதிரி. என் பயம் என் இடுப்பில் இருக்கிறது, அவன் பயம் அவன் கையில் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்து, நீ முதலில் போ, நீ முதலில் போ என்று வாசலில் நின்று மரியாதை செய்துகொண்டிருக்கின்றன. பக்கத்தில் வாணியம்பாடி ரெஹானா, சின்னப் பெண், யார் கையில் வேண்டுமானாலும் விழுகிறாள். பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது. பொறாமைகூட வரவில்லை, பசிதான் வருகிறது.

கல்யாணம் நடக்கிறது கீழே. அதை முதலில் மூக்குதான் சொன்னது, நெய்யும் முந்திரியும் ஜன்னல் வழியாக ஏறி வந்தன. பிறகு நாகஸ்வரம், தவிலோடு படபடவென்று ஒரு கெட்டிமேளப் பொழிவு, அப்படியானால் தாலி ஏறிவிட்டது, யாரோ ஒருத்தி யாரோ ஒருவனை நம்பிவிட்டாள். நல்லா இருங்க. "ஜன்னலைச் சாத்தவா மேடம்?" என்று ரெஹானா கேட்க, "வேண்டாம் பிள்ளை, இருக்கட்டும், காத்து வரட்டும்" என்கிறார் சுபோதினி. சத்தத்தைக் காற்று என்கிறார். எங்கள் மேல்வீட்டு பிலோமினா அக்காவும் எதையாவது இப்படித்தான் சொல்வார். ஒருநாள் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டாள், சண்டை போட. கதவு திறந்தது. அவருடைய தம்பியின் பைஜாமா, அதற்கு மேல் ஒரு தொளதொள சட்டை, நெற்றி செக்கச்சிவந்து, தலைமயிரெல்லாம் தலையணைப் பஞ்சு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, கல்யாணம் இல்லை, குடியிருப்பில் எல்லாரும் பேசிக்கொள்ளும் அந்தப் பிலோமினா இவர்தானா? "தலைகீழா நிக்கப் பழகுறேன் அக்கா. புஸ்தகத்துல போட்டிருக்கான். ஒரு நாளுதானே லீவு." "அதுக்கு எங்க தலையிலயா வந்து விழணும்?" என்றாள் அம்மா. "வாரம் பூரா ஹலோ ஹலோன்னு மத்தவங்க பேச்சக் கேட்டே தலை ரொம்பிப் போவுது அக்கா. கவுத்துப் போட்டா காலியாகுமான்னு பாக்குறேன்." அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள், அது கோபத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் கேட்டேன், "வலிக்காதா அக்கா?" அவர் குனிந்து என் கண்ணுக்கு நேராக வந்தார், மூச்சு இன்னும் வாங்கியது. "வலிக்கும் கண்ணு. ஆனா விழுறதுக்கு முன்னாடிதான் ரொம்ப வலிக்கும். விழுந்தப்புறம் இனிமே விழ வேண்டாம் பாரு, அந்த நிம்மதியில சிரிப்பு வந்துடும்." படியிறங்கும்போது அம்மா "லூசு" என்றாள், என்றுவிட்டு இருட்டான அந்தத் திருப்பத்தில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அம்மா அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிலோமினா அக்காவுக்கு அப்புறம். வேண்டாம். திண்டுக்கல்லை நினைக்காதே. ஜன்னலைப் பார், ஜன்னலில் ஒரு காகம், காகத்தின் அலகில் அப்பளம்.

"செண்பகம், நீங்கள் எங்கை போட்டியள்?" சுபோதினி என் எதிரே நிற்கிறார். பெயர்கூட ஞாபகம் வைத்திருக்கிறார். "இங்கதான் இருக்கேன்." "இல்லை. உங்கட கால் இங்கை நிக்குது, நீங்கள் எங்கையோ." பிறகு சகாயத்தின் கையைத் தொட்டு, "இவர் உங்களைப் பிடிக்கேல்ல, சந்தேகத்தில கைது செய்யிறார்" என்கிறார். எல்லாரும் சிரிக்க, சகாயம் காதுவரை சிவக்கிறான். திட்டவில்லை, தேற்றவும் இல்லை, தாண்டிப் போய்விட்டார். நிலத்தை நான் எப்போதும் மிதித்துத்தான் பழகியிருக்கிறேன். சின்ன வயசிலிருந்து, மிதிக்கும் முன் தொட்டுக் கண்ணில் ஒற்றி, மன்னித்துக்கொள் பூமாதேவி என்று கேட்டுவிட்டு, பிறகு தையத்தை என்று போட்டு மிதிப்பது. அது நல்ல ஏற்பாடுதான், மன்னிப்பு முன்பணம். ஆனால் அதில் நான் எப்போதும் மேலே, நிலம் எப்போதும் கீழே. மேலே இருக்கிறவளுக்குக் கீழே போக என்ன பயம் என்று இந்த வருஷம்தான் தெரிந்தது. நான் வார்ப்பில் செய்த சிலை இல்லை, இடுப்புக்குள் ஒரு உடைந்த பானை. திண்டுக்கல். இதோ வந்துவிட்டது. நான் விழுந்து கட்டிலில் கிடந்த அதே வாரம் அம்மா அம்பத்தூரிலிருந்து பேசினாள், என் தம்பி வீட்டிலிருந்து, வழக்கம் போல என் கதையைக் கேட்டு அழுதுவிட்டு, கடைசியில், அட மறந்தே போச்சு என்பது போல, "நம்ம மேல்வீட்டு பிலோமினா இல்ல, திண்டுக்கல்லுல தங்கச்சி வீட்டுல இருக்காளே, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாளாம்டி. இடுப்பு போயிடுச்சாம். படுக்கையாம். வயசானவ, இனிமே எங்க எந்திரிக்கப் போறா" என்றாள். நான் ம் என்றேன். வாழ்நாள் முழுக்க விழுந்து சிரித்த ஒருத்தி கடைசியில் விழுந்து சிரிக்காமல் கிடக்கிறாள் என்றால் அப்புறம் யார்தான். அதன்பின் அம்மா எப்போது "பிலோமினா" என்று ஆரம்பித்தாலும் நான், அம்மா, குக்கர் கத்துது, வச்சிடறேன் என்று சொல்லிவிடுவேன். குக்கர் இல்லாத இடத்திலும் சொல்லியிருக்கிறேன், ஒருமுறை பேருந்தில். தெரியாதவரை அந்தச் சத்தத்துக்கும் சிரிப்புக்கும் நடுவில் அவர் இன்னும் இருக்கிறார் அல்லவா, அங்கே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் அல்லவா.

"இப்ப சோடி இல்லை. எல்லாரும் நடவுங்கோ" என்கிறார் சுபோதினி. கடைசிப் பயிற்சி. அறை முழுக்க நடக்கவேண்டும், யாருக்கு எப்போது விழத் தோன்றுகிறதோ அவர் விழலாம், சொல்லாமல், சைகை காட்டாமல். பக்கத்தில் இருக்கிறவர்கள் ஓடிவந்து பிடித்து மெல்ல இறக்கவேண்டும். "ஒரு சட்டம் மட்டும்தான். ஒருத்தர் விழேக்கை மற்றவை நிக்கவேணும். ரெண்டு பேர் ஒண்டா விழக்கூடாது. விளங்குதோ?" விளங்குது. நடக்கிறோம். அவரும் எங்களோடு நடக்கிறார். வெறுங்கால்களின் சத்தம் மழை தொடங்குவது போல. அங்கே ஒருவன் விழுந்தான், நாலு பேர் பாய்ந்தார்கள், இறக்கினார்கள், எழுந்தான். ரெஹானா விழுந்தாள், நான்கூட ஓடினேன், அவள் முதுகு என் முழங்கையில் ஒரு பூனைக்குட்டியின் சூட்டோடு இறங்கியது. பிடிக்கத் தெரிகிறது எனக்கு. எல்லாரையும் பிடிப்பேன், நான் மட்டும் விழமாட்டேன், அப்படியே பயிற்சி முடிந்துவிடும், பையைத் திறந்து சரி என்று அனுப்பிவிடுவேன். சகாயம் என்னைவிட்டு இரண்டடி தள்ளிப் போகமாட்டேன் என்கிறான், நிழல் மாதிரி. "போடா அந்தப் பக்கம்" என்று பல்லுக்குள் சொல்கிறேன். கீழே பந்தி நடக்கிறது போலிருக்கிறது, நாகஸ்வரம் ஓய்ந்து தவில்காரர் தனியாக வாசிக்கிறார். அடேயப்பா, என்ன கை. கல்யாணத்தில் யார் கேட்கப் போகிறார்கள், பாயசம் குடித்துக்கொண்டிருப்பார்கள், இந்த மனிதர் தனக்காக வாசிக்கிறார், உருட்டி உருட்டி, கூழாங்கல் ஆற்றோடு போவது போல. நான் நடக்கிறேன். சூரிச்சில் தவில் கேட்குமா? நடக்கிறேன். கோயம்புத்தூரில் மரங்கள். நடக்கிறேன். தவில் ஒரு தாளக் கணக்கைத் தொடங்குகிறது, சுற்றிவந்து ஒருமுறை சொல்கிறது, தொண்டை சிரிக்கிறது, அட, இந்தக் கணக்கா, கொஞ்சம் விட்டு மறுபடி அதையே சொல்கிறது, என் முட்டி தானாக மடிகிறது, மூன்றாம் முறை, தோள் இறங்குகிறது, நெற்றிக்குள் எல்லாம் வெளிச்சமாகி, இதோ, இதோ வருகிறது, இதோ இறங்கப் போகிறது, இதோ.

தொம். ஒரு தொம் இல்லை, அறையே தொம். ஒன்றுமில்லை. உத்தரம் தெரிகிறது. என் கன்னத்தை ஒட்டி யாருடைய குதிகாலோ. நான் எங்கே இருக்கிறேன்? தரையில். யார் என்னைப் பிடித்தார்கள்? யாரும் இல்லை. தலையைத் திருப்பிப் பார்க்கிறேன், நிற்கிறவர் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் கிடக்கிறார்கள். சகாயம் கிடக்கிறான், ரெஹானா அவன் காலுக்குக் குறுக்கே கிடக்கிறாள், நடு அறையில் சுபோதினி கையை விரித்துக் கிடக்கிறார். ஐந்து வயசிலிருந்து ஜதிக்கு ஆடி, ஒரு கணக்கு மூன்று முறை வந்தால் மூன்றாவதில் வந்து சேர்ந்தே ஆகவேண்டும் என்று எலும்புக்குள் எழுதிவிட்ட ஒரு அறை முழுக்க ஆட்டக்காரர்கள், ஒன்றாக விழக்கூடாது என்று சொன்ன பின்னும், ஒருவர்கூட மீதமில்லாமல், கீழே தவில்காரரின் தாளம் வந்து இறங்கும் சமத்தில் ஒன்றாக வந்து விழுந்துவிட்டோம். பிடிக்க ஒரு ஆள் இல்லை. அமைதி இன்னும் இருக்கிறது. இந்த இடம் எனக்குத் தெரியும். சின்ன வயசில் இதில்தான் நின்றேன், ஆனால் கீழ்வீட்டில் நின்றேன், உத்தரத்துக்கு அந்தப் பக்கம். இப்போது இந்தப் பக்கம் இருக்கிறேன். இடுப்பைக் கேட்டேன். இருக்கிறேன் என்றது. வலிக்கிறதா என்றேன். கொஞ்சம் என்றது, சாதாரணமாக, பசிக்கிறது என்பது போல. அப்போது எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பிற்று, அட யார் அது, இந்த நேரத்தில் என்று பார்த்தால் என் வயிறு குலுங்குகிறது. நான்தான். பிறகு ரெஹானா, "மேடம், யாரும் யாரையும் பிடிக்கல மேடம்!" என்று கத்த, அறை முழுக்க வெடித்துவிட்டது. சுபோதினி கிடந்தபடியே கண்ணைத் துடைத்தார். "நானும் நல்லூரிலை சின்னனில பரதம் பழகின ஆள்தானே. இருபது வருசமா ஊரூரா இந்தப் பயிற்சி குடுக்கிறன். இவ்வளவு வடிவான பிழையை ஒரு இடமும் காணேல்ல." சகாயம் தவழ்ந்து வந்தான், முகம் வெளுத்திருந்தது, சிரிக்கவும் செய்தான், இரண்டும் ஒன்றாக. "மக்கா, நீ விழுந்தே. நான் பிடிக்கல." "பாத்தேன். நீயும்தான் விழுந்தே. நானும் பிடிக்கல." "ஒண்ணும் ஆவலியா?" "ஒண்ணும் ஆவல." அவன் என் பக்கத்தில் மல்லாந்து படுத்து, கையிரண்டையும் மார்பின் மேல் வைத்துக்கொண்டான், வேலை முடிந்து திரும்பியவன் கருவிகளை இறக்கிவைப்பது போல. கீழே தவில்காரருக்கு எங்கள் சத்தம் கேட்டிருக்கவேண்டும், அவர் தலைக்கு மேலேதானே விழுந்தோம், ஒரு கணம் நிறுத்தினார். பிறகு அதே கணக்கை முதலிலிருந்து எடுத்தார். "எழும்பாதேங்கோ" என்றார் சுபோதினி, "எழும்பினா திருப்பி விழவேணும்." எழுந்தோம், விழுந்தோம், யாரும் சட்டத்தை மதிக்கவில்லை. ஒருமுறை சகாயம் பிடித்தான், சரியான நேரத்தில், பிந்தாமலும் முந்தாமலும். அது எனக்கு ஒரு கூடுதல் இனிப்பு, அவ்வளவுதான்.

வியர்வை காய்வதற்குள் சுவரோரம் உட்கார்ந்து பையைத் திறந்தேன். கோயம்புத்தூருக்கு, அன்புக்கு நன்றி, என்னால் வரமுடியாது என்று எழுதி அனுப்பினேன். கொஞ்சம் துக்கமாகத்தான் இருந்தது, மரங்கள் நிறைய என்றாரே. பிறகு, அந்த நடுவில் நின்றது போதும் என்று தோன்றியது. அம்மாவை அழைத்தேன். "என்னடி இந்நேரத்துல, சாப்டியா?" "அம்மா, பிலோமினா அக்காவப் பத்தி ஏதோ சொல்ல வந்தியே." அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. இங்கே என் மூச்சும் இல்லை. பிறகு அம்மா ஆரம்பித்தாள், "இப்பவாவது கேக்கணும்னு தோணிச்சே. நானும் எத்தன தடவ வாயெடுத்தேன், ஒடனே ஒனக்குக் குக்கர் கத்திடும். நீ என்ன ஓட்டலா நடத்துற?" சொல்லு அம்மா. "அவளுக்கு என்னடி, ஆப்பரேஷன் பண்ணி, உள்ள பிளேட்டு வெச்சு, எந்திரிச்சு எத்தனையோ மாசமாச்சு. நாந்தான் அவசரப்பட்டு அவளக் கெடத்திட்டேன்." பிலோமினா அக்கா இப்போது திண்டுக்கல்லில், ஞாயிற்றுக்கிழமைகளில், தங்கையின் கையைப் பிடிக்காமல் வாக்கரைத் தள்ளிக்கொண்டு மாதா கோயில் காலைப் பூசைக்கு நடந்து போய் வருகிறார்.